பின்பால்கனியில் ஒரே ஒரு மெஷின்

லியாவ் யாவ்துங்குக்கு ஒரே ஒரு மெஷின் என்பது அந்த வீட்டின் சட்டம். இயற்றியவள் அவருடைய மனைவி பாவ்ஜு. அந்தச் சட்டத்தை மீறாமலேயே இன்னொரு மெஷினை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட முடியும் என்பதை யாவ்துங் கண்டுபிடித்தபோது அவர் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. வாயில் பற்பசை நுரை இருந்தது. கொப்பளிக்கக்கூடத் தோன்றாமல் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து ஒருமுறை தலைவணங்கிக்கொண்டார்.

வழி இதுதான். மெஷினை மாற்றக் கூடாது. பழுதான பாகத்தை மாற்றலாம். அதை எந்தச் சட்டமும் தடுக்காது. ஒரு பாகம் பழுதாகும். பிறகு இன்னொன்று. அப்படியே எல்லாப் பாகங்களும் வரிசையாகப் பழுதாகிவிட்டால் அது யார் குற்றமும் இல்லை.

மெஷின் என்று பெயர்தானே தவிர, அது ஒரு விளையாட்டுச் சாமான். பின்பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் வெந்நீர்க் கொதிகலனுக்கும் இடையில், ஒரு சிறிய மேஜையின் மேல், இரண்டு கையால் தூக்கிவிடக்கூடிய எடையில் இருந்தது. கணினி சொன்னபடி மூன்று மோட்டார்கள், வெட்டும் துண்டை வைக்கும் மேசையையும் கட்டரையும் நகர்த்தும். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில், மிக்சியில் இருப்பதைவிடச் சின்ன மோட்டார். மரப்பலகையில் பூ வரையும். பிளாஸ்டிக்கில் பெயர் பொறிக்கும். அலுமினியத்தைக் காட்டினால் நடுங்கும்.

யாவ்துங்குக்கு அலுமினியம் வெட்ட வேண்டும். வெட்டியே ஆக வேண்டும்.

தைச்சுங் நகரத்தை ஒட்டிய ஷென்காங்கில் பிறந்து, அங்கேயே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வெளிநாட்டு விற்பனையைப் பார்த்தவர் அவர். வயலுக்கு நடுவே தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் மில்லிங் மெஷின், அதற்கு அடுத்து இன்னொரு வயல் என்று இருக்கிற ஊர். அங்கே பஸ் ஓட்டுநருக்குக்கூட ஒரு காலத்தில் லேத் ஓட்டிய கை இருக்கும். யாவ்துங்கின் கை மட்டும் விலைப்பட்டியல் புரட்டிய கை. தொழிற்சாலையின் வருடக் கடைசி விருந்தில் ஃபோர்மேன் பெங் அந்தப் பேச்சை எடுத்துவிட்டார்.

"மேனேஜர், முப்பத்தி நாலு வருஷம் நாங்க செஞ்ச மெஷினை நீங்க வித்தீங்க. உங்க கையால எதையாவது வெட்டியிருக்கீங்களா?"

"ரிப்பன் வெட்டியிருக்காரு," என்றது மேஜையின் மறுகோடி. "கண்காட்சியில."

"அதுக்கும் கத்திரிக்கோலை நான்தான் சாணை பிடிச்சுக் குடுத்தேன்."

யாவ்துங் கோப்பையோடு எழுந்து நின்றார். தன் வழியனுப்பு விருந்து அன்றைக்குத் தன் கையால், தன் வீட்டு மெஷினில், அலுமினியத்தில் வெட்டிய விசிட்டிங் கார்டு தாங்கி ஒன்றைப் பெங்கின் கையில் வைத்துக் காட்டுவதாகச் சொன்னார். பத்து மேஜைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். பெங் மரியாதையாகத் தன் கோப்பையையும் உயர்த்தினார். அவ்வளவுதான்; இனிப் பின்வாங்க வழியில்லை.

வீட்டில் பாவ்ஜு கேட்ட ஒரே கேள்வி, "ரிட்டயர் ஆனவன் அந்தத் தாங்கியில என்ன கார்டு வைப்ப?" என்பதுதான்.

பாவ்ஜு காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறாள். முட்டைச் சுருள், முள்ளங்கிக் கேக், சோயாப்பால். அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் ஒரு கொட்டகையில் மில்லிங் மெஷின் ஓட்டியவள். மாமியார் படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டாள். மாமியார் போன பிறகு கடையை எடுத்துக்கொண்டாள். மெஷினைத் தொட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. அவளிடம் யோசனை கேட்கலாமே என்று யாவ்துங்குக்குத் தோன்றாமல் இல்லை. அவள் ஓட்டியது அந்தக் கால மெஷின் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தன் கையால் என்று பத்து மேஜை கேட்கச் சொல்லியும் ஆயிற்று.

முதலில் பழுதானது ஸ்பிண்டில்.

சனிக்கிழமை மதியம் பாவ்ஜு கடையை மூடிவிட்டு வந்தபோது, யாவ்துங் அதை ஒரு செய்தித்தாளில் கிடத்தி, தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"போயிருச்சு," என்றார்.

"எப்போ?"

"காலையில ஒன்பது மணி இருக்கும்."

"கஷ்டப்பட்டுச்சா?"

"ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணுமில்ல."

பாவ்ஜு குனிந்து அதன் தண்டைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அது வழுக்கிக்கொண்டு சுற்றியது. யாவ்துங் வெந்நீர்க் கொதிகலனைப் பார்த்தார்.

"பாவம்," என்றாள் பாவ்ஜு. "புதுசு வாங்கணுமா?"

"அதே மாதிரிதான். கொஞ்சம் தடிமனா இருக்கும். இப்பல்லாம் அப்படித்தான் வருது."

"சரி. செத்ததை இங்க குடு. மறுசுழற்சிக்குப் போடுறேன்."

அவள் பழைய ஸ்பிண்டிலை எடுத்துக்கொண்டு போனாள். முப்பத்து நான்கு வருட விற்பனையில் இத்தனை சுலபமாக ஒரு ஒப்பந்தம் முடிந்ததில்லை.

புதிய ஸ்பிண்டில் பழையதைப்போல ஐந்து மடங்கு சக்தி. அதற்கேற்ற எடை. மாட்டி, மின்சாரத்தை நிறுத்தியதும் அது தன் பாரத்திலேயே கீழே சறுக்கி மேசையில் மூக்கை ஊன்றிக்கொண்டது. மேலும் கீழும் தூக்க வேண்டிய மோட்டாருக்கு அதைத் தாங்கத் தெம்பில்லை. அதை மாற்றினால் மற்ற இரண்டாலும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. ஆகவே அடுத்த மூன்று வாரத்தில் மூன்று மோட்டார்களும் வயது வித்தியாசம் பார்க்காமல் காலமாகின.

"இதுவுமா?" என்றாள் பாவ்ஜு, மூன்றாவதைக் கையில் வாங்கிக்கொண்டு.

"ஒண்ணோட ஒண்ணு பழகினது. ஒண்ணு போனா மத்ததுக்கு மனசு விட்டுப்போகுது."

"உனக்கு இருக்கிற மனசு இதுங்களுக்கும் இருக்கு போல. புது மோட்டார் எப்படி?"

இதை விளக்காமல் இருக்க யாவ்துங்கால் முடியவில்லை. "பழைய மோட்டார் இருக்கே, அது ஒவ்வொரு அடியா எண்ணித்தான் நகரும். பாரம் கூடினா ஒரு அடி தவறும். தவறினது அதுக்கே தெரியாது. மேல மேல தப்பாவே போகும். புதுசு அப்படியில்ல. எங்க நிக்கிறோம்னு பார்த்துக்கிட்டே போகும். தப்பு பண்ணினா தானே உணர்ந்து திருத்திக்கும்."

பாவ்ஜு பழைய மோட்டாரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "நல்ல விஷயம்," என்றாள். "இந்த வீட்டுக்கு அப்படி ஒண்ணு தேவைதான்."

புதிய மோட்டார்கள் பழைய ஓட்டைகளில் பொருந்தவில்லை. நடுவில் பொருத்த நான்கு அலுமினியத் தகடுகள் வேண்டும். தகடு வெட்டுகிற மெஷின் இருந்தால் மோட்டாரே மாற்ற வேண்டாம் என்பதால், யாவ்துங் தகடுகளைக் காகிதத்தில் வரைந்து, இரண்டு தெரு தள்ளித் தகரக் கொட்டகையில் வேலைபார்க்கும் ஆசுவானிடம் கொண்டுபோனார்.

இங்கேதான் அவர் ஒரு விஷயத்தை மறந்தார். ஆசுவான் தினமும் காலையில் சாப்பிடுவது பாவ்ஜுவின் கடையில். ஆசுவான் மட்டுமல்ல. துளை போடுகிறவன், நூல் வெட்டுகிறவன், முலாம் பூசுகிறவன், அந்த வட்டாரத்தில் இரும்பைத் தொடுகிற அத்தனை பேரும் ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் அந்த ஆறு மேஜைகளில்தான் இருப்பார்கள். ஷென்காங்கில் ரகசியமாக ஒரு தகடு செய்ய நினைப்பதும் பாவ்ஜுவின் கல்லில் வைத்து முட்டையை ஒளிக்க நினைப்பதும் ஒன்றுதான். வெளியூர்க்காரன் அந்தத் தப்பைச் செய்ய மாட்டான். அவன் தபாலில் வரவழைத்திருப்பான்.

"லியாவ் அண்ணே, இந்த ஓட்டையில மோட்டாருக்கு எவ்வளவு இடைவெளி விடணும்? வரைபடத்துல இல்லையே," என்றான் ஆசுவான்.

"சரியா விடு."

"சரின்னா?"

"அதிகமும் இல்லாம, குறைவும் இல்லாம."

ஆசுவான் அந்தக் காகிதத்தை மரியாதையாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

நான்கு நாளில் தகடுகள் வந்தன. யாவ்துங் பிரமித்துப்போனார். அவர் வரைந்ததைவிட நன்றாக இருந்தன. அவர் வரையாத இடத்தில் விளிம்புகள் சரித்துவிடப்பட்டிருந்தன. மோட்டார் ஓட்டையில் தட்டாமல் தள்ளாமல் போய் உட்கார்ந்தது. திரும்பி வந்த வரைபடத்தில், ஓட்டைகளுக்குப் பக்கத்தில், பென்சிலால் சின்னச் சின்ன எண்கள். ஒரு மூலையில் எண்ணெய்க் கறை; வறுத்த வெங்காயத்தாள் வாசனை. ஆசுவான் சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்க்கிறவன் என்று நினைத்துக்கொண்டார். தன் வரைபடம் இத்தனை துல்லியமாகப் புரிந்துகொள்ளப்பட்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அடுத்து மோட்டார்களை ஓட்டும் மின்பலகை கருகியது. அதாவது, கருகியதாக அறிவிக்கப்பட்டது. பிறகு திருகுத்தண்டுகள் தேய்ந்தன. கடைசியாகச் சட்டகம்.

"சட்டகம் எப்படிச் சாகும்?" என்றாள் பாவ்ஜு.

"களைப்பு."

"இரும்புக்கா?"

"அலுமினியம். அதுக்குக் களைப்புன்னு ஒண்ணு இருக்கு. புத்தகத்துல போட்டிருக்கு."

"விடிகாலை மூணரைக்கு எந்திரிச்சு மாவு கரைக்கிறவளுக்கு எந்தப் புத்தகத்துலயாவது போட்டிருக்கா?"

பாவ்ஜு சட்டகத்தையும் வாங்கிக்கொண்டு போனாள்.

ஐந்தாவது மாதம் பிறந்தபோது, பழைய மெஷினில் மிச்சம் இருந்தது ஆபத்துக்கு அழுத்தும் சிவப்புப் பொத்தான் ஒன்றுதான். அது உண்மையிலேயே நல்ல பொத்தான். பின்பால்கனியில் புதிய மெஷின் நின்றது. பாவ்ஜு துணி காயப்போடும்போது இடுப்பை ஒடுக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை யாவ்துங் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். மெஷின் சொன்னபடி கேட்க வேண்டும் என்று ஒரு பச்சைப் பாக்கெட் தேங்காய்ப் பொரியும் வாங்கி அதன் தலையில் வைத்தார். தொழிற்சாலையில் எல்லா மெஷினிலும் வைப்பார்கள். பச்சைதான் வைக்க வேண்டும்; மஞ்சளோ சிவப்போ வைத்தால் மெஷின் முரண்டுபிடிக்கும்.

வழியனுப்பு விருந்துக்கு முந்தைய சனிக்கிழமை காலை அவர் முதல் அலுமினியத் துண்டை இறுக்கிப் பட்டனைத் தட்டினார்.

கிறீச்சென்ற சத்தத்துக்குப் பக்கத்துக் கட்டிடத்தில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். கட்டர் அரை அங்குலம் போனது. புகை வந்தது. அலுமினியம் கட்டரின் பல்லெல்லாம் அப்பிக்கொண்டது. பிறகு டிக்கென்று ஒரு சின்னச் சத்தம்; கட்டரில் பாதி ஸ்பிண்டிலில் இருந்தது, பாதி துண்டில் இருந்தது.

இரண்டாவது கட்டரை இன்னும் மெதுவாக ஓட்டினார். அது இன்னும் சீக்கிரமாக ஒடிந்தது. மூன்றாவதற்கு முன்னால் பச்சைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். காலாவதி ஆகி ஆறு நாள். ஓட்டமாகக் கடைக்குப் போய்ப் புதுப் பாக்கெட் வாங்கி வைத்தார். மூன்றாவது கட்டரும் ஒடிந்தது. விலைப்பட்டியலில் இந்த ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் அலுமினியம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இப்படிப் போடச்சொல்லி எத்தனையோ விலைப்பட்டியல்களில் தானே திருத்தியிருக்கிறோம் என்பது இப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

பாவ்ஜு மதியம் வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு பின்பால்கனிக்கு வந்து நின்றாள்.

"எத்தனை?"

"என்ன எத்தனை?"

"கட்டர்."

"மூணு."

"விருந்து வெள்ளிக்கிழமைதானே?"

"வெள்ளிக்கிழமை."

"பெங்குக்குப் பிளாஸ்டிக்ல ஒண்ணு செஞ்சு குடு. வெள்ளிப் பெயின்ட் அடிச்சிரலாம்."

யாவ்துங் துவைக்கும் இயந்திரத்தின் மேல் சாய்ந்தார். இருபத்தேழு நாட்டில் மெஷின் விற்றவர். அந்தப் பத்து மேஜைகளும் கண்முன்னே வந்தன. ஒவ்வொரு மேஜையிலும் ஒருவன் ரிப்பன் என்றான்.

"பாவ்ஜு," என்றார். "நீ ஒரு தடவை பாரேன்."

"நானா? என்னோடது அந்தக் கால மெஷின்."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"போன வருஷம் எங்க அக்கா வந்தப்போ சொன்ன. சாப்பிட்டுக்கிட்டே சொன்ன."

"தப்புதான்."

"அட, உனக்கும் அந்த மோட்டாரை வச்சிருக்காங்க போல," என்றாள் பாவ்ஜு. "சரி, பார்க்கிறேன். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசிரலாம். நம்ம வீட்டுச் சட்டம் என்ன?"

"எனக்கு ஒரு மெஷின்."

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு. ஒண்ணுதானே இருக்கு. பழுதுபார்த்தது."

பாவ்ஜு வாசல் பக்கம் போனாள். செருப்பு அலமாரிக்கு மேலிருந்த துணியை எடுத்தாள். அங்கே அவருடைய பழைய மெஷின் இருந்தது. அதே சட்டகம், அதே மூன்று சின்ன மோட்டார், அதே மிக்சி ஸ்பிண்டில், கருகாத மின்பலகை. பிளக்கைச் செருகினாள். அது குருவிபோலச் சத்தமிட்டுக்கொண்டு மரத்துண்டு ஒன்றில் பூ வரைய ஆரம்பித்தது.

"ஆசுவான் கொட்டகையில வச்சு மாட்டினேன்," என்றாள். "ஒண்ணும் சாகலை, யாவ்துங். எல்லாத்தையும் நீ உயிரோட புதைச்சிருக்க."

யாவ்துங் பூவைப் பார்த்தார். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"இதுதான் நான் அனுமதிச்ச மெஷின். இது உன்னோடது," என்றாள் பாவ்ஜு. "பின்னால நிக்கிறதை நான் அனுமதிக்கல. அது உன்னோடதா இருக்க முடியாது. இருந்தா சட்டம் போச்சு."

"அப்ப அது யாரோடது?"

"எனக்கு எத்தனை மெஷின்னு இந்த வீட்டுல சட்டமே கிடையாது."

"அதுல ஒரு பொத்தான் பழசு," என்றார் யாவ்துங். ஒரு விற்பனைக்காரர் கடைசி வரையில் பேரம் பேசுவார்.

"பொத்தானை வேணும்னா கழட்டிக்கோ."

வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. யாவ்துங் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. பாவ்ஜு காலையில் தேநீர் குடித்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பால்கனிக்கு வந்தாள். முதலில் எதையும் ஓட்டவில்லை. ஆசுவானிடம் இரவல் வாங்கிய, முள் வைத்த அளவுமானி ஒன்றை ஸ்பிண்டிலில் பிடித்துக் கையால் சுற்றிப் பார்த்தாள். ஸ்பிண்டில் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. கடையில் ஆர்டர் எழுதும் சீட்டிலிருந்து ஒரு துண்டு கிழித்து, ஸ்பிண்டிலைப் பிடிக்கும் பிராக்கெட்டுக்கு அடியில் கொடுத்து முடுக்கினாள். மறுபடி சுற்றினாள். முள் அசையவில்லை.

பிறகு ஒற்றைப் பல் கட்டர் ஒன்றை மாட்டினாள். ஸ்பிண்டிலின் வேகத்தைக் குறைத்தாள். மேசை நகரும் வேகத்தைக் கூட்டினாள்.

"கூட்டுறியா?" என்றார் யாவ்துங். "மெதுவா ஓட்டினதுக்கே ஒடிஞ்சது."

"மெதுவா ஓட்டினதாலதான் ஒடிஞ்சது. நீ அலுமினியத்தை வெட்டலை. தடவிக் குடுத்துக்கிட்டிருந்த. அது சூடாகி, இளகி, கட்டர்ல ஒட்டிக்குது. வெட்டுறதுன்னா கடிக்கணும். கடிச்சு, துப்பிட்டு, அடுத்த கடி. அந்த ஸ்ப்ரேயை எடு."

யாவ்துங் எரிசாராய ஸ்ப்ரேயை எடுத்துக்கொடுத்தார். பட்டனை அவள் தட்டினாள்.

புகை இல்லை. கிறீச்சிடவில்லை. தாழ்ந்த குரலில் ஒரே சீரான ரீங்காரம். பளபளவென்று சின்னச் சின்னப் பிறைகளாக அலுமினியம் தெறித்து விழுந்தது. பாவ்ஜு மெஷினைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து, கொடியில் காய்ந்த துணியைப் பார்த்தபடி காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூலை திரும்புகிற இடத்தில் சத்தம் ஒரு இழை மாறியது. அவள் விரல் மட்டும் நகர்ந்து வேகத்தைக் கொஞ்சம் இறக்கிப் பிறகு ஏற்றியது.

யாவ்துங் அவளுக்கு ஒரு அடி பின்னால் நின்றார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். அவள் வேலை செய்துகொண்டிருந்த கொட்டகைக்கு ஒருதரம்கூட அவர் உள்ளே போனதில்லை. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி ஹாரன் அடிப்பதோடு சரி. இப்படி நிற்கிறவள் என்று அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் யாராவது விலை கேட்டிருந்தால் அவரிடம் சொல்ல ஒரு எண்ணும் இருந்திருக்காது.

"வேக்குவம்," என்றாள் பாவ்ஜு திரும்பாமல்.

"என்ன?"

"துகளை உறிஞ்சு. சும்மா நிக்கிறதுக்கா உன்னை உள்ள விட்டேன்?"

யாவ்துங் குழாயைப் பிடித்தார்.

தாங்கி மதியத்துக்குள் முடிந்தது. கையில் வைத்தால் தண்ணீர் மாதிரி வழவழப்பாக இருந்தது. பாவ்ஜு விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"நான் செஞ்சதா சொல்லலாமா?" என்றார் யாவ்துங்.

"வேக்குவம் பிடிச்சியே. சொல்லிக்கோ."

வெள்ளிக்கிழமை மதியம், தொழிற்சாலை உணவுக்கூடத்தில் அதே பத்து மேஜை. முதலாளி பேசினார். பூங்கொத்து கொடுத்தார். யாவ்துங் எழுந்து, கோட்டுப் பையிலிருந்து தாங்கியை எடுத்துப் பெங்கின் முன்னால் வைத்தார். யாரும் ரிப்பன் என்று சொல்லவில்லை.

பெங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தாங்கியை வெளிச்சத்துக்குப் பிடித்தார். கவிழ்த்தார். உள் மூலையில் நகத்தை ஓட்டினார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"யார் வெட்டினது?"

"நான்தான்," என்றார் யாவ்துங். குரல் கொஞ்சம் உயரத்தில் வந்தது.

"மூலையில வேகத்தை இறக்கி ஏத்தியிருக்கு. எவ்வளவு இறக்கினீங்க?"

"அது... தேவையான அளவு."

"அதிகமும் இல்லாம, குறைவும் இல்லாம," என்றார் பெங்.

பக்கத்து மேஜையில் இரண்டு பேர் சூப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். ஆசுவானின் தம்பிக்கு அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை.

பெங் தாங்கியை யாவ்துங்கிடம் திருப்பித் தரவில்லை. முதலாளியிடம் நீட்டினார். முதலாளியும் மூலையில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "சரி," என்றார். "திங்கட்கிழமை வரச் சொல்லுங்க."

"யாரை?" என்றார் யாவ்துங்.

"உங்ககிட்ட சொல்லலையா?" பெங் கண்ணாடியைக் கழற்றினார். "வாடிக்கையாளர் முன்னாடி மெஷின்ல மாதிரித் துண்டு வெட்டிக் காட்ட ஒரு கை வேணும்னு வருஷக் கடைசியில இருந்தே தேடிக்கிட்டிருக்கோம் மேனேஜர். பாவ்ஜு அக்கா நான் வரேன்னாங்க. கடையில வச்சே சொன்னாங்க, முட்டையைத் திருப்பிக்கிட்டே. முதலாளிதான், பதினோரு வருஷம் விட்ட கை, நம்ம மெஷினைத் தொடுறதுக்கு முன்னாடி வெளியில ஒரு துண்டு வெட்டிக் காட்டட்டும்னாரு. வெட்டிக் காட்ட அவங்ககிட்ட சொந்தமா மெஷின் இல்ல." பெங் கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அப்புறம், உங்க வீட்டுல ஒண்ணு தயாராகிட்டிருக்கு, கொஞ்சம் பொறுங்கன்னாங்க. ஆசுவான்கிட்ட அந்தத் தகட்டை மட்டும் ஒழுங்கா செய்யச் சொல்லிக் கேட்டுக்கிட்டாங்க."

"துண்டு என்னோடதுன்னு நான் சொன்னேனே."

"சொல்வான், சொல்லட்டும், நீங்க துண்டை மட்டும் பாருங்கன்னாங்க."

யாவ்துங் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தார். பாவ்ஜு சமையலறையில் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன்னை வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க," என்றார்.

"தெரியும். பெங் போன் பண்ணினாரு."

"பாவ்ஜு, கடை என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? ஆறு மேஜை, இத்தனை பேரு. ஒருநாள் மூடினா ஷென்காங்ல ஒரு மெஷின் ஓடாது." அவள் கத்தியைத் திருப்பிக் கைப்பிடியை அவர் பக்கம் நீட்டினாள். "வெட்டணும்னு ஆசைப்பட்டியே. விரல் பத்திரம்."

திங்கட்கிழமை முதல் ஆள் ஆசுவான். யாவ்துங் ஊற்றிய மாவு ஓரம் கருகி நடுவில் வேகாமல் இருந்தது. திருப்பும்போது கிழிந்தது. ஆசுவான் அதை மரியாதையாகச் சாப்பிட்டான்.

"எப்படி?" என்றார் யாவ்துங்.

"நல்லாருக்கு, லியாவ் அண்ணே. அதிகமும் இல்ல, குறைவும் இல்ல."

பதினோரு மணிக்குக் கடையை மூடினார். இருந்ததிலேயே முழுசாக வந்த இரண்டு முட்டைச் சுருளை டப்பாவில் கட்டி, ஸ்கூட்டரில் தொழிற்சாலைக்குப் போனார். முதல் நாள் வேலை. அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள். முப்பத்து நான்கு வருடமாக அவரைக் கண்டதும் எழுந்து நின்ற காவலாளி அன்றும் எழுந்து நின்றான். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை.

"டப்பாவை இங்க வச்சிட்டுப் போங்க சார்," என்றான். "உள்ள மாதிரி வெட்டு நடக்குது. வெளியாட்களை விடக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க."